படிக்க வெச்சது கிளச் கழட்டவா?

நான் ஓர் இயந்திரவியல் பொறியாளன். உள்நாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் நான்கு ஆண்டு படித்துப் பட்டம் வாங்கியவன். வேலை பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில், வீடு பாயான் பாருவில். போன வருஷம் வரைக்கும் ஒரு மோட்டாரின் கிளச்சை நான் கண்ணால் பார்த்ததில்லை.

இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இந்தக் கட்டுரையில் சில பேரைத் திட்டப் போகிறேன். அதில் முதல் ஆள் நான்.

அப்பாவிடம் ஒரு பழைய யமஹா டிடி 125 இருக்கிறது. டூ ஸ்ட்ரோக். என்னைவிட வயதில் மூத்தது. பாலிக் பூலாவில் ஒரு நண்பருடைய டுரியான் தோட்டத்துக்குப் போய்வர அப்பா வாங்கியது. முழங்கால் வலி வந்த பிறகு அவர் ஓட்டுவதில்லை, விற்கவும் இல்லை. நான் வாரக் கடைசியில் எடுப்பேன். ஆண்டுக்கு 2 வெள்ளி சாலை வரி கட்டுகிற வாகனத்துக்கு அதற்கு மேல் மரியாதை கொடுத்ததில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை துன் சார்டோன் சாலையில் ஏறும்போது எஞ்சின் கத்துகிறது, மோட்டார் ஏறவில்லை. திரும்பி இறங்கி சிக்னலில் நின்றால், கிளச்சைப் பிடித்திருக்கும்போதே வண்டி முன்னால் நகரப் பார்க்கிறது. நியூட்ரல் விழவில்லை. வீட்டுக்கு எப்படி வந்து சேர்ந்தேன் என்பது தனிக்கதை.

அடுத்த நாள் ஒரு கடைக்குத் தள்ளிக்கொண்டு போனேன். கடைக்காரர் மூடியைக் கழற்றவில்லை. லிவரை ஒருமுறை அமுக்கிப் பார்த்தார். "கிளச் போயிடுச்சு. செட்டா மாத்தணும். இந்த மாடலுக்கு சாமான் வராது. பேசாம புது மோட்டார் எடுத்துக்கோ, மாசா மாசம் கட்டலாம்" என்றார். மொத்தம் இரண்டு நிமிஷம். இரண்டாவது கடையிலும் ஏறக்குறைய இதே வசனம்தான். ஆளுக்கு ஒரு விளம்பரத் தாள் கொடுத்தார்கள்.

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று எனக்கே தெரியாதபோது எதை வைத்துக் கோபப்படுவது?

வழுக்குதா, இழுக்குதா?

எங்கள் அடுக்குமாடிக்குக் கொஞ்சம் தள்ளி ஓர் அண்ணன் பட்டறை வைத்திருக்கிறார். பெயர்ப்பலகை கிடையாது. காலையில் கப்சாய்கள் வரிசையாக நிற்கும். பெரும்பாலும் உணவு அனுப்புகிற பையன்களுடையவை. அவரிடம் போய், "அண்ணே, கிளச் போயிடுச்சு" என்றேன்.

"போயிடுச்சுன்னா? வழுக்குதா, இழுக்குதா?"

நான் முழித்தேன்.

"கேஸ் திருப்பினா எஞ்சின் சத்தம் ஏறுது, வண்டி ஏறலன்னா வழுக்குது. கிளச்சப் புடிச்சும் வண்டி போகுதுன்னா இழுக்குது. ரெண்டும் வேற வேற வியாதி, தம்பி."

"ரெண்டும் இருக்குண்ணே."

"அப்ப தொறந்துதான் பாக்கணும். நீ எஞ்சினியருன்னு உங்கப்பா சொன்னாரே. ஞாயித்துக்கிழமை வா. நீயே தொற."

அவர் முதலில் பார்த்தது கேபிளை. லிவர் நுனியில் 10இலிருந்து 15 மில்லிமீட்டர் வரை சும்மா ஆட வேண்டும். ஆட்டமே இல்லாவிட்டால் பிளேட்டுகள் முழுதாய் அழுந்தாமல் வழுக்கும். ஆட்டம் கூடிவிட்டால் முழுதாய் விலகாமல் இழுக்கும். பத்துப் பைசா செலவில்லாத பரிசோதனை. இரண்டு கடைகளிலும் இதை யாரும் செய்யவில்லை. கேபிளில் குறையில்லை என்று தெரிந்த பிறகுதான் கியர் எண்ணெயை வடிக்கச் சொன்னார். எண்ணெயில் வெள்ளித் தூள் மாதிரி அலுமினியம் மினுங்கியது.

மூடியின் திருகாணிகளை நான் சாதாரண ஸ்க்ரூ டிரைவரால் திருப்பப் போனபோது கையைத் தட்டிவிட்டார். பழைய ஜப்பான் மோட்டார்களின் குறுக்குத் தலைத் திருகாணிகள் அந்த நாட்டு அளவில் செய்தவை. வேறு டிரைவரை வைத்தால் வழுக்கி ஏறித் தலையை அறுத்துவிடும். சுத்தியலால் தட்டித் திருப்புகிற இம்பேக்ட் டிரைவரைக் கொடுத்தார். நான்கு வருஷத்தில் எனக்கு யாரும் சொல்லாத விஷயம். இத்தனைக்கும் திருகாணி பற்றி ஒரு பாடமே இருந்தது.

திறந்தால் உள்ளே ஒரு கூடை. சுற்றிலும் விரல் விரலாக நிற்கும் அலுமினியக் கூடை. எங்கள் ஊர் மெக்கானிக்குகள் இதை 'ரூமா கிளச்' என்பார்கள், கிளச்சின் வீடு. அதற்குள் மாறி மாறி அடுக்கிய பிளேட்டுகள்: உரசுகிற பொருள் ஒட்டிய பிளேட் ஒன்று, இரும்பு பிளேட் ஒன்று. மேலே ஸ்பிரிங்குகள் அமுக்கிப் பிடித்திருக்கின்றன. லிவரைப் பிடித்தால் உள்ளே ஒரு கம்பி தள்ள, ஸ்பிரிங் விலக, அடுக்கு தளர்ந்து எஞ்சினும் கியரும் பிரிகின்றன. அவ்வளவுதான் கிளச்.

பழைய நாளிதழை விரித்து ஒவ்வொன்றாக அடுக்கினேன். உரசும் பிளேட் ஆறு. ஒவ்வொன்றுக்கும் இரண்டு முகம். ஆக உரசும் பரப்பு 12. அந்த இடத்தில் எனக்குள் ஏதோ உடைந்தது. கிளச் கடத்துகிற முறுக்குவிசை என்பது உராய்வுக் கெழு, அழுத்தும் விசை, சராசரி ஆரம், உரசும் பரப்புகளின் எண்ணிக்கை, இந்த நான்கின் பெருக்கல். இந்தச் சூத்திரத்தைத் தேர்வில் எழுதி முழு மதிப்பெண் வாங்கியவன் நான். அதில் வருகிற அந்த எண்ணிக்கை இப்படி நாளிதழ் மேல் எண்ணெய் சொட்டக் கிடக்கும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. அழுத்தும் விசை என்பது இந்தச் சின்ன ஸ்பிரிங். மேஜைமேல் வரிசையாக நிறுத்திப் பார்த்தால் ஒன்று குள்ளமாக இருந்தது. அது குள்ளமானால் பெருக்கலில் ஓர் எண் குறைகிறது, மேட்டில் வண்டி வழுக்குகிறது. சூத்திரம் பொய் சொல்லவில்லை. அதைப் படித்தவன்தான் பொய்.

அளந்தோம். உரசும் பிளேட் புதிதில் 3 மில்லிமீட்டர் இருந்திருக்க வேண்டியது, 2.6க்கு வந்திருந்தது. இரும்பு பிளேட்டுகளைக் கண்ணாடி மேல் வைத்து விளிம்பில் ஃபீலர் கேஜை நுழைத்தால், இரண்டு பிளேட்டுகளில் 0.2 மில்லிமீட்டர் தகடு சுகமாக உள்ளே போனது. சூட்டில் வளைந்துவிட்டன. கூடையின் விரல்களில் பிளேட்டின் காதுகள் இடித்து இடித்துப் பல் விழுந்திருந்தது. அந்தப் பள்ளத்தில் காது மாட்டிக்கொள்வதால்தான் லிவரைப் பிடித்தும் அடுக்கு பிரியவில்லை. வழுக்கலுக்கு ஒரு காரணம், இழுப்புக்கு வேறு காரணம். இரண்டு வியாதி என்று அண்ணன் திறக்காமலே சொன்னது சரி.

பல் விழுந்த விரலை நைஸ் அரத்தால் தேய்த்துச் சமப்படுத்தலாம். கொஞ்சம்தான். அதிகம் தேய்த்தால் இடைவெளி கூடி பிளேட்டுகள் இன்னும் மோசமாக இடிக்கும். நான் உற்சாகமாகத் தேய்க்க ஆரம்பித்தேன். நான்காவது விரலின் அடியில் மயிரிழை மாதிரி ஒரு கோடு. அண்ணன் நகத்தால் தடவிப் பார்த்தார். "இது வெடிச்சிருச்சு. இத ஒட்ட வெக்கக் கூடாது. ஓடும்போது ஒடிஞ்சா கியரெல்லாம் போகும், உன் காலும் போகும். கூடைய மாத்தணும்."

இந்த இடத்தை வாசகர்கள் கவனிக்க வேண்டும். அவரும் கடைசியில் 'மாத்து' என்றுதான் சொன்னார். கடைக்காரரும் 'மாத்து' என்றார். இரண்டும் ஒன்றா? ஒருவர் திறந்து, அளந்து, தடவிப் பார்த்து, ஐந்தைக் காப்பாற்றி ஒன்றைக் கைவிட்டார். இன்னொருவர் மூடியைப் பார்த்தே மொத்தத்தையும் கைவிட்டார். பழுது பார்ப்பது ஒரு மதம் என்று நான் சொல்ல வரவில்லை. எதை மாற்ற வேண்டும், எதை வைத்துக்கொள்ள வேண்டும் என்று சொல்கிற உரிமை திறந்து பார்த்தவனுக்கு மட்டும்தான் உண்டு என்கிறேன். என் சண்டை இதுதான்.

கையில் எந்த அழுக்கு?

அன்றைக்குச் சாயங்காலம் கரிக்கையோடு வீட்டுக்கு வந்தேன். அப்பா வாசலிலேயே நிறுத்தினார். "ஏன்டா, உன்னைப் படிக்க வெச்சது கிளச் கழட்டவா?"

இந்த வாக்கியத்தை நம்மில் பாதிப் பேர் ஏதோ ஒரு வடிவத்தில் கேட்டிருப்போம். அப்பாவைக் குற்றம் சொல்ல எனக்கு மனசு வராது. அவர் தோட்டத்தில் பிறந்தவர். பால் வாளி தூக்கிய கைகளைப் பார்த்து வளர்ந்தவர். பிள்ளையின் கை சுத்தமாக இருக்க வேண்டும் என்பதற்காகவே தன் கையை அழுக்காக்கிக்கொண்ட தலைமுறை அது. அந்த ஆசைக்கு அவர் விலை கொடுத்திருக்கிறார்.

ஆனால் அந்த ஆசை எப்போது ஓர் அருவருப்பாக மாறியது? வேலையில் நான் என்ன செய்கிறேன் என்று அப்பாவுக்குச் சரியாகத் தெரியாது. எங்கள் பிரிவுக்குப் பழுதான சில்லுகள் வரும். அமிலம் விட்டு மேலுறையைக் கரைப்போம், குறுக்கே அறுப்போம், நுண்ணோக்கியில் பார்த்து எங்கே தப்பு நடந்தது என்று கண்டுபிடிப்போம். அதாவது சம்பளம் வாங்கிக்கொண்டு நான் செய்வதும் மூடியைத் திறக்கிற வேலைதான். அதற்கு யாரும் 'படிக்க வெச்சது இதுக்கா' என்று கேட்பதில்லை. கல்யாணச் சந்தையில் மதிப்புகூட உண்டு. ஏன்? மேலங்கி வெள்ளை. அழுக்கு கண்ணுக்குத் தெரியாது. ஆக நமக்குப் பிரச்சினை வேலை இல்லை, கிரீஸின் நிறம். உடலுழைப்பைத் தொட்டால் தகுதி இறங்கிவிடும் என்கிற இந்தப் பயம் மலேசியாவில் முளைத்ததில்லை. கப்பலில் நம்மோடு வந்தது. எங்கே முளைத்தது, யாருடைய கைகளை எதற்காக விலக்கி வைக்க முளைத்தது என்று இந்த இதழின் வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

இந்த ஊரின் வரலாறும் இதற்கு உதவியாக இருந்தது. 1969இல் பினாங்கு வளர்ச்சிக் கழகம் தொடங்கப்பட்டது. 1972இல் பாயான் லெப்பாஸில் சுதந்திர வணிக வளாகம் வந்தது. இன்டெல், ஹியூலெட் பேக்கார்டு, பாஷ், ஹிட்டாச்சி என்று முதலில் வந்த எட்டு நிறுவனங்களைப் பற்றி இன்றும் பெருமையாகப் பேசுகிறோம். தொழிற்பேட்டைக்குப் பக்கத்திலேயே எழுப்பிய புறநகர்தான் பாயான் பாரு. எங்கள் அம்மா தலைமுறைப் பெண்கள் நுண்ணோக்கியில் கண்ணை வைத்து, மயிரிழையிலும் மெல்லிய தங்கக் கம்பியைச் சில்லில் இணைத்தார்கள். ஐம்பது ஆண்டுகளாக உலகத்துக்கே பொருத்திக் கொடுத்த ஊர் இது. பொருத்தினோம், சோதித்தோம், பெட்டியில் போட்டு அனுப்பினோம். பெட்டிக்குப் போன பிறகு அந்தப் பொருள் உடைந்தால் என்ன செய்வது என்பது நம் கவலை இல்லை. இத்தனை பொறியாளர்கள் வாழும் ஊரில், கிளச் போனால் புது மோட்டாருக்கு விளம்பரத் தாள் கொடுக்கிறார்கள். அதையும் பத்திரமாக மடித்துப் பையில் வைத்துக்கொள்கிறோம்.

ஜி.டி.நாயுடுவை நமக்குத் தெரியும். பள்ளியைப் பாதியில் விட்டவர். பட்டணத்தில் ஓர் உணவகத்தில் வேலை பார்த்துக் காசு சேர்த்து, ஒரு வெள்ளைக்கார அதிகாரியின் மோட்டார் சைக்கிளை வாங்கி, அதைப் பிரித்துப் போட்டுத் திரும்பப் பூட்டியவர். 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரே ஒரு பேருந்தோடு தொழிலைத் தொடங்கினார். மேடைகளில் அவரை மேதை என்கிறோம், எடிசன் என்கிறோம். மேதை என்று சொல்வதில் ஒரு வசதி இருக்கிறது: அவர் செய்ததை நாம் செய்ய வேண்டியதில்லை. அவர் முதலில் செய்தது எல்லோரும் செய்யக்கூடிய ஒரு காரியம். மோட்டாரைப் பிரித்துப் பார்த்தார். இன்றைக்கு நம் வீட்டில் ஒரு பையன் அதைச் செய்தால், அவனுக்குப் படிப்பு ஏறவில்லை என்று உறவுக்காரர்களிடம் மெதுவான குரலில் சொல்வோம்.

இலக்கியக்காரர்களுக்கும் பங்கு உண்டு

நண்பர்கள் பலர் ராபர்ட் பிர்சிக்கின் 'ஜென்னும் மோட்டார் சைக்கிள் பராமரிப்புக் கலையும்' நாவலைக் காப்பிக் கோப்பையோடு படம் எடுத்துப் போடுகிறார்கள். 1974இல் வந்த நூல். அதில் ஜான் என்று ஒரு நண்பர் வருவார். விலை உயர்ந்த பிஎம்டபிள்யூ வைத்திருப்பார், அதன் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ள மட்டும் மாட்டார். கைப்பிடி தளர்ந்திருக்கும், பியர் டின் தகட்டை வெட்டி வைத்தால் சரியாகிவிடும் என்று சொன்னால் அவருக்கு முகம் மாறிவிடும். நாம் எல்லோரும் கதைசொல்லியோடு நம்மை அடையாளப்படுத்திக்கொண்டு வாசிக்கிறோம். உண்மையில் நாமெல்லாம் அந்த ஜான்.

நம் கதைகளையும் கொஞ்சம் பார்ப்போம். பால்வெட்டுக் கத்தியை, வாளியை, அதிகாலைப் பனியை எழுதியிருக்கிறோம். நன்றாகவே எழுதியிருக்கிறோம். தோட்டம் போய் எத்தனை காலம் ஆயிற்று? பட்டணத்துக்கு வந்த அந்தப் பிள்ளைகளில் எத்தனை பேர் பட்டறையில் வளர்ந்தார்கள்? நான் வாசித்த மலேசியத் தமிழ்க் கதைகளில் மெக்கானிக் வந்தால் இரண்டு விதமாகத்தான் வருகிறான். ஒன்று, குண்டர் கும்பலுக்குப் போகும் வழியில் இருப்பவன். அல்லது, படிக்காமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு உதாரணம். அவன் கையில் ஸ்பேனர் இருக்கும். அந்த ஸ்பேனர் எந்த அளவு, எதைத் திருப்புகிறது, திருப்பும்போது அவன் என்ன யோசிக்கிறான் என்பது மட்டும் இருக்காது. கத்தி ரப்பர் மரத்தில் எந்தக் கோணத்தில் இறங்க வேண்டும் என்று எழுதத் தெரிந்த இலக்கியத்துக்கு, அரம் அலுமினியத்தில் எப்போது நிற்க வேண்டும் என்று தெரியவில்லை.

கலைச்சொல் ஆர்வலர்களிடமும் ஒரு வார்த்தை. கிளச்சுக்கு 'உரசிணைப்பி' என்று ஒரு சொல் உண்டு, 'விடுபற்றி' என்றும் உண்டு. நான் இவற்றைக் கேலி செய்யவில்லை, நல்ல சொற்கள்தான். ஆனால் பட்டறையில் தமிழ் இல்லை என்று நினைத்துக்கொண்டு சொல் செய்கிறீர்களே, அங்குதான் எனக்கு வலிக்கிறது. அண்ணன் பேசியதைத் திரும்பக் கேளுங்கள். கிளச், பிளேட், கேபிள், ரூமா என்று பெயர்ச்சொல்லெல்லாம் ஆங்கிலமும் மலாயும். வினைச்சொல்? வழுக்குது. இழுக்குது. கடிக்குது. பல் விழுந்திருக்கு. வெடிச்சிருச்சு. அத்தனையும் தமிழ். நோயைக் கண்டுபிடிப்பது முழுக்கத் தமிழில் நடக்கிறது. பெயரை எங்கிருந்து வேண்டுமானாலும் வாங்கலாம், யோசனையை வாங்க முடியாது. அந்த யோசனை நம் மொழியில் உயிரோடு இருக்கிறது. கேட்கத்தான் ஆளில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. எங்கள் கூடை பட்டர்வொர்த் பக்கம் ஒரு பொத்தோங் கடையில் கிடைத்தது. பழசு, ஆனால் விரல் ஆறும் திடமாக இருந்தன. பிளேட் அந்த மாடலுக்கு நிஜமாகவே கிடைக்கவில்லை. அண்ணன் கண்ணை மூடி யோசித்து, வேறொரு மாடலின் பெயரைச் சொன்னார். அதன் பிளேட் அப்படியே உட்கார்ந்தது. எந்த மோட்டாரின் எந்தச் சாமான் எதற்குப் பொருந்தும் என்கிற பட்டியல் அவர் தலைக்குள் இருக்கிறது. முப்பது வருஷச் சேமிப்பு. ஒரு தாளில்கூட இல்லை. தயாரிப்பு நின்று பத்தாண்டுக்கு மேல் ஆகியும் ஆர்எக்ஸ்ஸெட் இந்த நாட்டுச் சாலைகளில் ஓடுகிறது என்றால், இப்படிப்பட்ட தலைகளால்தான் ஓடுகிறது. ஓலைச்சுவடி செல்லரித்ததற்கு இன்றும் அழுகிற சமூகம் நாம். அண்ணனுக்கு வயது ஐம்பத்தெட்டு. அவருடைய மகன் கணக்காய்வு படிக்கிறான். படிக்கட்டும், நல்லதுதான். அந்தப் பட்டியல் என்ன ஆகும்?

நேரமும் பணமும்

இதைச் சொன்னபோது ஒரு நண்பன் கணக்குப் போட்டான். "உன் ஒரு மணி நேரச் சம்பளம் என்ன? இரண்டு ஞாயிற்றுக்கிழமை போச்சு. அந்த நேரத்துக்குப் புது மோட்டாரின் முன்பணமே வந்திருக்கும்." ஞாயிற்றுக்கிழமை எனக்கு யாரும் சம்பளம் தருவதில்லை. கைபேசியைத் தடவிக்கொண்டு கிடந்த நேரத்தைத்தான் கொடுத்தேன். அதோடு இந்தக் கணக்கு எப்போதும் நமக்காக மட்டும் போடப்படுகிறது. உணவு அனுப்புகிற பையனுக்குக் கிளச் போனால் அன்றைக்கே வருமானம் நிற்கிறது. அவனிடம் 'செட்டா மாத்து, இல்லாட்டி புதுசு எடு' என்பது ஆலோசனை ஆகாது. கடனுக்கான அழைப்பு அது.

உலகம் இந்தப் பக்கம் திரும்பிக்கொண்டிருக்கிறது. 2009இல் ஆம்ஸ்டர்டாமில் முதல் 'பழுது பார்க்கும் கஃபே' தொடங்கியது. 2022இல் இந்திய அரசு பழுது பார்க்கும் உரிமைக்காக ஒரு குழு அமைத்தது. 2024இல் ஐரோப்பிய ஒன்றியம் அதைச் சட்டமாகவே இயற்றியது. இப்போதைக்கு வீட்டுச் சாதனங்கள், கைபேசிகள் போன்றவற்றுக்குத்தான். நமக்கோ இது வெளியிலிருந்து வந்த யோசனை இல்லை. எஸ்.எம்.முகமது இட்ரிஸ் தலைமையில் பல்லாண்டு இயங்கிய பினாங்கு பயனீட்டாளர் சங்கம், வாங்கு, வீசு, மறுபடி வாங்கு என்கிற வாழ்க்கைக்கு எதிராக இந்த ஊரிலிருந்தே பேசி வந்திருக்கிறது. நாம் அதைப் பெரியவர்களின் புலம்பலாக எடுத்துக்கொண்டோம்.

சட்டம் வரட்டும். கையேடும் சாமானும் கிடைக்கச் செய்வது தயாரிப்பாளரின் கடமை என்று கேட்போம். ஆனால் மூடியைத் திறக்கவே கூசுகிற சமூகத்துக்கு அந்த உரிமையைக் கொடுத்து என்ன பயன்?

புது உரசு பிளேட்டுகளை ஓர் இரவு எண்ணெயில் ஊறப்போட்டோம். அடுத்த ஞாயிறு பூட்டினேன். ஸ்பிரிங் திருகாணிகளை எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும். 10 நியூட்டன் மீட்டரைத் தாண்டினால் அலுமினியம் அறுந்துவிடும். அண்ணன் பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தார். மோட்டார் துன் சார்டோன் சாலையில் ஏறியது. சத்தமும் வேகமும் ஒன்றாக ஏறின.

வீட்டுக்குக் கீழே நிறுத்தியபோது அப்பா இறங்கி வந்தார். ஒன்றும் பேசவில்லை. லிவரை இரண்டு விரலால் ஆட்டிப் பார்த்தார். "கொஞ்சம் லூஸா இருக்கு" என்று சொல்லி, கேபிளின் நட்டை விரலாலேயே அரைச் சுற்று திருப்பினார். பிறகு கையைப் பார்த்தார். சட்டையில் துடைத்துக்கொண்டு மேலே போய்விட்டார்.

அந்தக் கேள்விக்கு என் பதிலை அவரிடம் நான் சொல்லவில்லை. இங்கே சொல்கிறேன். ஆமாம்ப்பா, கிளச் கழட்டத்தான். நான்கு வருஷம் அதற்காகத்தான் படித்திருக்க வேண்டும்.

அண்ணனிடம் ஒரு தடித்த நோட்டுப் புத்தகத்தோடு போக ஆரம்பித்திருக்கிறேன். எது எதற்குப் பொருந்தும் என்று அவர் சொல்லச் சொல்ல, அவர் சொன்ன சொற்களிலேயே எழுதுகிறேன். இதுவரை பதினொரு பக்கம். உங்கள் தாமானிலும் பெயர்ப்பலகை இல்லாத ஒரு பட்டறை இருக்கும். கதை தேடி வேறெங்கும் போவதற்கு முன் அங்கே ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் உட்காருங்கள். பழைய சட்டையாகப் போட்டுக்கொண்டு போங்கள்.